விற்பதற்கு முன் ஒரு படம்

தென்காசி வீட்டைக் காலி செய்வது என்று முடிவானதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெட்டியை என்ன செய்யப் போற?" என்பதுதான். பீரோ, கட்டில், அண்டா எதைப் பற்றியும் அவளுக்குக் கவலை இல்லை.

பெட்டி என்றால் தாத்தாவின் கேமரா. 1950களில் அவர் ஸ்டுடியோ ஆரம்பித்தபோது வாங்கியது. மூன்று கால் மர ஸ்டாண்ட், தேக்குச் சட்டம், பித்தளைத் திருகுகள், நடுவில் மடிந்து விரியும் கறுப்புத் தோல் துருத்தி. அப்பா 35 எம்.எம். கேமராவுக்கு மாறிய பிறகும் இதை விற்கவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மதுரையில் எனக்கு இரண்டு அறை வீடு. பரண் இருக்கிறது, ஆனால் பரணில் போட்டால் அது அங்கேயே செத்துவிடும். யாராவது இதில் படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விற்கத் தொடங்கிய பிறகுதான் அந்த ஆசை எவ்வளவு கஷ்டமானது என்று தெரிந்தது.

முதலில் இது என்ன கேமரா என்றே எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்தபோது முன்பக்கத் தகட்டில் எழுத்து தெரிந்தது. வாகீஸ்வரி, ஆலப்புழை. 1940களில் கருணாகரன் என்பவர் தொடங்கிச் செய்தவை இவை. அவர் குடும்பம் இசைக்கருவிகள் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தது. புகைப்படக்காரர் ஒருவர் தன் கேமராவின் கிழிந்த துருத்தியைச் சரிசெய்து தரச் சொல்லிக் கொண்டுவந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்திருக்கிறது. ஆர்மோனியத்துக்கும் துருத்தி, கேமராவுக்கும் துருத்தி. தாத்தா செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை ரயிலிலும் அங்கிருந்து படகிலும் போய் வாங்கி வந்ததாக அப்பா சொல்வார். அப்போதெல்லாம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பின்பக்கத்தில் காட்சி விழுந்து தெரியும் மங்கல் கண்ணாடியை அளந்தேன். ஆறரைக்கு எட்டரை அங்குலம், அந்தக் காலக் கண்ணாடித் தகடுகளில் 'ஃபுல் பிளேட்' என்ற அளவு. விற்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த அளவெடுப்புதான். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான். இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கிற ஃபிலிம் நாலுக்கு ஐந்து, எட்டுக்குப் பத்து அங்குலங்களில் வருகிறது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் புழங்கிய ஆஃப் பிளேட்டும் ஃபுல் பிளேட்டும் அந்தக் கணக்கில் சேராது.

லென்ஸ் கேமராவைவிட மூத்தது. 'குக்' என்றும் கீழே 'டெய்லர், டெய்லர் அண்ட் ஹாப்சன், லெய்செஸ்டர்' என்றும் வளையத்தில் பொறித்திருந்தது. மூன்றே மூன்று கண்ணாடிகளால் ஆன இந்த அமைப்பை 1893இல் வடிவமைத்தவர் டென்னிஸ் டெய்லர், இங்கிலாந்தின் யார்க் நகரத்து குக் அண்ட் சன்ஸ் கம்பெனிக்காரர். தயாரித்துக் கொடுத்த லெய்செஸ்டர் கம்பெனியின் பெயரிலும் டெய்லர் இருப்பது தற்செயல். இந்தச் சின்ன வளையத்தால்தான் பின்னால் எனக்கு இவ்வளவு போராட்டம்.

சரி, நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். ராத்திரி விளக்குகளை அணைத்துவிட்டு, துருத்தியை முழுக்க நீட்டி, உள்ளே டார்ச் வைத்தேன். மடிப்பு முனைகளில் நட்சத்திரம் மாதிரிப் புள்ளிகள், எல்லாம் வெளிச்சம் கசியும் ஓட்டைகள். எண்ணினேன், பதினொன்று. லென்ஸின் வழியே டார்ச் அடித்தபோது ஓரத்தில் சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிந்தது. கழற்றித் துடைக்கக் கை துறுதுறுத்தது, ஆனால் தொடவில்லை. தெரியாதவள் திருகினால் அந்த மூன்று கண்ணாடிகளும் மறுபடி அதே இடத்தில் உட்காரும் என்று யார் சொல்ல முடியும்?

அதற்குள் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டாள். குத்துவிளக்கு தேய்த்த கையோடு, மிச்சம் இருந்த புளியை எடுத்து கேமராவின் ஒரு பக்கப் பித்தளை மூலையையும் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள். பாசத்தில் செய்தது. ஆனால் பழைய பித்தளைமேல் இருந்த அரக்குப் பூச்சு போனால் போனதுதான். சேகரிப்பவர்கள் அந்த மங்கிய நிறத்துக்குத்தான் மதிப்புக் கொடுக்கிறார்கள். விற்க நினைக்கிறவர்கள் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்துக்கு எண்ணெயும் வேண்டாம்.

துருத்திக்கு யாரிடம் போவது? மதுரையில் கேமரா ரிப்பேர் கடை இரண்டில் கேட்டேன், இரண்டு பேரும் கைவிரித்தார்கள். அப்புறம்தான் ஆலப்புழைக் கதை ஞாபகம் வந்தது. ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனேன். அவர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல காத்து போகக்கூடாதா, வெளிச்சம் போகக்கூடாதா?" என்று கேட்டார். வெளிச்சம் என்றேன். "அப்போ சுலபம்மா. காத்து இதைவிடப் பொல்லாதது" என்றார். மெல்லிய ஆட்டுத்தோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஓரங்களைச் சீவி இன்னும் மெலிதாக்கி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி உள்பக்கமாக ஒட்டினார். ஒட்டு தடிமனாக இருந்தால் துருத்தி மடியாமல் முறைத்துக்கொள்ளும் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூலி 1,400 ரூபாய். இந்த வேலை முழுவதிலும் என் மனசு நிறைந்த இடம் அந்தக் கடைதான்.

விலை கேட்க ஆரம்பித்ததும் நிறைவெல்லாம் போய்விட்டது. பழைய பொருள் வியாபாரி ஒருவர் வீட்டுக்கே வந்து, "லென்ஸை மட்டும் கழற்றிக் குடுங்க மேடம், 9,000 தர்றேன். பெட்டியை நீங்களே வீட்டுல அழகுக்கு வெச்சுக்குங்க" என்றார். பழைய குக் லென்ஸ்கள் தருகிற மென்மைக்காக அவற்றைத் தேடி வாங்கி, புது டிஜிட்டல் கேமராக்களில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கணக்கு அது. இன்னொருவர் ஓட்டல் அலங்காரம் செய்பவர். முழுசாக 12,000. துருத்திக்குள் பல்பு போட்டு விளக்காக வரவேற்பறையில் வைப்பாராம். இரண்டு பேரும் ஏமாற்றவில்லை, அவரவர் தொழிலைச் சொன்னார்கள். ஆனால் லென்ஸ் இல்லாத கேமரா கண்ணில்லாத முகம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாக ஃபோன் செய்தவர் விலையே பேசவில்லை. "இதுல படம் எடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்றீங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வாங்கவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்காக அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஃபுல் பிளேட் ஃபிலிமுக்கு எங்கே போவது? எக்ஸ்ரே ஃபிலிம் கைகொடுத்தது. எட்டுக்குப் பத்து அங்குல ஷீட்டைச் சிவப்பு விளக்கில் வைத்து ஆறரைக்கு எட்டரையாக வெட்டிக்கொள்ளலாம். பச்சை, நீல ஒளிதான் அதில் பதியும், அடர்சிவப்பு அதை ஒன்றும் செய்யாது. கேமராவின் பின்னால் செருகும் ஹோல்டர் கண்ணாடித் தகட்டுக்காகச் செய்தது என்பதால் வெறும் ஃபிலிம் அதில் தொளதொளவென்று ஆடியது. கண்ணாடிக் கடையில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியை அதே அளவுக்கு அறுத்து வாங்கி, அதன் முன்பக்கத்தில் ஃபிலிமை ஒட்டிப் போட்டேன். முன்பக்கம் என்பது முக்கியம். பின்னால் ஒட்டினால் அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஃபோகஸ் தவறிவிடும்.

ஷட்டர் கிடையாது. தாத்தா லென்ஸ் மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடுவார். நானும் அப்படித்தான். அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்தேன். காலை ஏழரை மணி, நேர் வெயில் இல்லை. லென்ஸின் துளையை 22இல் வைத்து, ஃபிலிமின் வேகத்தை, அதாவது ஒளி அதில் பதியும் வேகத்தை, 50 என்று கணக்கிட்டால் இரண்டு வினாடி வந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தேன். அம்மா தலைகீழாக, இடவலம் மாறி, கண்ணாடிமேல் நிறத்தோடு நின்றாள். வெள்ளை மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அந்தத் துணிக்குள் நான் போனதே இல்லை. ஸ்டுடியோவில் பிள்ளைகள் கேமரா பக்கம் வரக்கூடாது. கொஞ்ச நேரம் மூடியைக் கழற்றத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சீக்கிரம்டி, முதுகு வலிக்குது" என்று அம்மா சொன்னாள்.

சிவப்பு விளக்கில் தட்டில் போட்டு டெவலப் செய்தேன். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டு, தட்டின் அடியில் உரசினால் கீறிவிடும். அடியில் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டேன். அம்மாவின் முகம் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. கூடவே, கீழ் ஓரத்தில் வெளிச்சம் கசிந்து விழுந்த ஒரு கறுப்புக் கீற்றும்.

டார்ச் வெளிச்சம் பதினொரு ஓட்டையைத்தான் காட்டியது. பன்னிரண்டாவது, துருத்தி பின்சட்டத்தோடு சேருகிற இடத்தில், மர நிழலுக்குள் ஒளிந்திருந்தது. படம் எடுக்காமல் விற்றிருந்தால், துருத்தி பழுதில்லை என்று என் கையெழுத்தோடு நான் பொய் சொல்லியிருப்பேன், தெரியாமலே. பெரியவரிடம் மறுபடி போனேன். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாவது படத்தில் கீற்று இல்லை.

லாப்டாப்பில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதற்கு முன் நெகட்டிவைப் பிடித்து ஃபோனில் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினேன். அந்தப் படத்தோடு, பூஞ்சை, புளி தேய்த்த மூலை, பன்னிரண்டு ஒட்டுகள், ஸ்டாண்டின் ஒரு காலில் இருந்த பூச்சித் துளைகள் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்து விளம்பரம் போட்டேன். விலை 40,000. மற்றவர்கள் கேட்கிற விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை மட்டும் தேடிப் பார்த்து வந்த எண் அது.

முதல் நாளே ஒருவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டார். ராணுவத்தில் இருப்பதாகவும், பணம் வர ஒரு கியூஆர் கோடு அனுப்புவதாகவும், அதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடும்படியும் சொன்னார். பணம் கொடுப்பவர்தான் பின் நம்பர் போட வேண்டும், வாங்குபவருக்கு அந்த வேலையே இல்லை. ஃபோனை வைத்துவிட்டேன். இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து நல்ல விலைக்குக் கேட்டார். ஆனால் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கலை, கைவினை, அறிவியல் சார்ந்த பொருட்கள் தொல்பொருள் கணக்கில் வந்துவிடும், அவற்றைத் தனிநபர் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. கேமராவுக்கு அந்த வயதில்லை. லென்ஸ் எண்ணைப் பார்த்தால் 1920களைச் சேர்ந்தது போல இருந்தது, விளிம்பில் நிற்கிறது. தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்க வழி உண்டு. ஆனால் அது நாடு கடந்து போவதில் எனக்கும் விருப்பமில்லை.

கடைசியில் வந்தவர் திருச்சியிலிருந்து, முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அக்கா, அந்தக் கீற்று விழுந்த முதல் நெகட்டிவையும் பார்க்கலாமா?" என்றார். அப்போதே எனக்குப் பாதி முடிவாகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்து இரண்டு நெகட்டிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துணிக்குள் போனவர் பத்து நிமிடம் வெளியே வரவில்லை. வியர்த்து வழிய வந்து, 33,000 என்றார். 36,000இல் முடிந்தது. தென்காசிக் கோயில் கோபுரத்தைத்தான் முதல் படமாக எடுக்கப் போகிறேன் என்றார், கையோடு ஃபிலிமும் கொண்டு வந்திருந்தார்.

மரப்பெட்டி ஒன்றில் இருந்த பழைய கண்ணாடி நெகட்டிவ்களையும் அவர் கேட்டார். கேட்ட விதத்தில் தவறில்லை, ஆனால் கொடுக்கவில்லை. அவை எங்கள் ஊர்க்காரர்களின் கல்யாணங்கள், காதுகுத்துகள், பூச்சூட்டல்கள். என்னுடையவை என்று சொல்ல எனக்கே உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டலில் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதலாம் என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, படுக்கப்போடாமல் நிறுத்திவைத்து, மதுரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

விற்பனைச் சீட்டை நானே கையால் எழுதினேன். லென்ஸ் எண், அளவு, குறைகள், கூடவே போகிற சாமான்கள் எல்லாம் வரிசையாக. லென்ஸைக் கழற்றித் தனியாகப் பருத்திச் சேலைத் துண்டில் சுற்றினோம். மங்கல் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டினோம். துருத்தியை அழுத்தாமல் அதன் போக்கிலேயே மடித்தோம்.

பட்டியலில் ஒன்பதாவதாக 'கறுப்புத் துணி, சிவப்பு உள்துணியுடன்' என்று எழுதியிருந்தேன். அம்மா அதைத் துவைத்து மடித்து மடியில் வைத்திருந்தாள். அவர் கையை நீட்டியபோது கொடுக்கவில்லை. "ஓரம் அடிச்சது எங்க அத்தை. நீ வேற தைச்சுக்கோப்பா" என்றாள். அவர் சரிம்மா என்றார். ஒன்பதாவது வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.