காசுக்கடைக்காரரும் சீழ்க்கைக்காரியும்

என் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. 'வில்லோ வார்ப்ளர்' என்று எழுதி, அடித்து, 'சிஃப்சாஃப்' என்று திருத்தி, அதையும் அடித்துக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தது பறவை. வாயைத்தான் திறக்கவில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த இந்தக் கதிர்க்குருவிகளைக் கண்ணை மட்டும் நம்பிப் பிரிக்கப் போனால் இந்தக் கதிதான்.

இதனாலேயே கில்பர்ட் வைட் மீது எனக்கு அத்தனை மரியாதை. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், செல்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த பாதிரியார். அவர் காலத்தில் இவையெல்லாம் 'வில்லோ ரென்' என்ற ஒரே பெயருக்குள் அடங்கிக் கிடந்தன. உயிரினங்களுக்கெல்லாம் லத்தீன் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் 'மோட்டசில்லா ட்ரோக்கிலஸ்' என்று பெயர் வைத்து, வாலாட்டிக் குருவிகளின் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்.

1768 ஆகஸ்டில் இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்டுக்கு வைட் கடிதம் எழுதுகிறார்: இவை மூன்று இனங்கள், மூன்றுக்கும் குரல் வேறு, அது ஒருபோதும் மாறுவதில்லை. மூன்று உடல்களையும் எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறார். மிகச் சிறியதற்குக் கால் கறுப்பு. மற்ற இரண்டுக்கும் தோல் நிறம். நல்ல மஞ்சளாக இருப்பதே பெரியது, அதன் இறக்கைச் சிறகுகளின் நுனி வெள்ளை. அது பீச் மரக் காட்டின் உச்சியை விட்டு இறங்காதாம். வெட்டுக்கிளியைப் போல ஒலியெழுப்பும்போது இறக்கைகள் லேசாக நடுங்குமாம். இன்று நாம் வுட் வார்ப்ளர் என்கிற பறவை அதுதான். கறுப்புக்கால் சிறியது சிஃப்சாஃப், மற்றது வில்லோ வார்ப்ளர்.

வுட் வார்ப்ளருக்கு லத்தீன் பெயர் சூட்டிய பெருமை மட்டும் ஜெர்மானியரான பெக்ஸ்டைனுக்குப் போய்விட்டது. 'சிபிலாட்ரிக்ஸ்', அதாவது சீழ்க்கை அடிப்பவள். பாடுவதென்னவோ ஆண்!

எனக்குப் பிடித்த பெயர் சிஃப்சாஃபுடையது. 1817இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ வைத்த 'காலிபிட்டா'வுக்குக் காசு மாற்றுபவர் என்று பொருள். காசுக்கடைக்காரர் என்றே சொல்லலாம். ஒவ்வொரு நாணயமாகக் கீழே போடுவதுபோலத்தான் அது பாடும். இன்று மூன்றும் குடியிருக்கும் 'ஃபைலோஸ்கோபஸ்' என்ற பேரினத்தை 1826இல் ஜெர்மானியரான போய்யே உருவாக்கினார். இலைகளில் தேடுவது என்று அர்த்தம். மணிக்கணக்கில் இலைகளில் தேடியவன் என்ற முறையில் அந்தப் பெயரில் எனக்கும் பங்கு உண்டு.

சென்ற மே மாதம் செல்போர்ன் போயிருந்தேன். வைட்டும் அவர் சகோதரரும் 1753இல் குன்றில் வெட்டிய வளைவுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி, பீச் மர உச்சிகளைப் பார்த்தபடி கழுத்து வலிக்க நின்றேன். சீழ்க்கைக்காரியின் சத்தமே இல்லை. காசுக்கடைக்காரர் மட்டும் எங்கோ எண்ணிக்கொண்டிருந்தார்: சிஃப், சாஃப், சிஃப், சிஃப், சாஃப்.