யாழ்ப்பாணமா, பேராதனையா? இரசாயனவியல் படிக்கப் போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

போன கிழமை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற தங்கச்சி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கணிதப் பிரிவு. நல்ல பெறுபேறுதான், ஆனால் பொறியியலுக்குக் காணாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை. "அக்கா, நான் கெமிஸ்ட்ரிதான் செய்யப் போறன். யாழ்ப்பாணத்தை முதல் போடவா, பேராதனையை முதல் போடவா?" என்று பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கைப் பற்றிக் கேட்டாள். பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் அப்பாவும் ஒரு மாதம் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறோம். அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். "பேராதனையை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணமும் கைவிட்டுப் போய்விடும்" என்று ஊரில் சொல்லுவார்கள். எனக்கும் ரியூசனில் அப்படித்தான் சொன்னார்கள். அது சரியில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உங்கள் விருப்ப ஒழுங்கை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் உங்கள் இசட் புள்ளி எந்த யுனிகோட்டின் (ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு கற்கைநெறிக்கான குறியீடு) வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கான ஆகக் குறைந்த புள்ளியை, முதலில் எட்டுகிறதோ அதைத் தரும். மேலே போட்டது கிடைக்கவில்லை என்பதற்காகக் கீழே இருப்பதில் உங்கள் இடம் பின்னுக்குத் தள்ளப்படாது. ஆகவே எது கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து ஒழுங்குபடுத்தாதீர்கள். எது வேண்டும் என்று தீர்மானித்து அந்த ஒழுங்கில் போடுங்கள்.

பழைய வெட்டுப்புள்ளிகளைப் பார்க்கும்போது திருகோணமலை மாவட்டத்துக்கு உரிய நிரலை மட்டும் பாருங்கள். அனுமதியில் 40% அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55% மாவட்ட அடிப்படையிலும் போகிறது. மிச்ச 5% கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அவற்றில் எங்கள் மாவட்டமும் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்கு எட்டாத இடம் உங்களுக்கு எட்டலாம்.

இனி, வீட்டில் யாருமே பேசாத விடயம். இந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் நீங்கள் விண்ணப்பிப்பது "இரசாயனவியல்" பட்டத்துக்கு அல்ல, பௌதிக விஞ்ஞானம் என்ற கற்கைநெறிக்கு. உள்ளே போய் இரசாயனவியலோடு வேறு பாடங்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டில் பொதுப் பட்டத்தோடு வெளியே வரலாம். நான்கு ஆண்டு இருந்து இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் எடுக்க வேண்டும் என்றால், ஆரம்ப ஆண்டுகளின் பெறுபேற்றை வைத்து இன்னொரு தெரிவு நடக்கும். அந்தத் தெரிவில் இடங்கள் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆக, உயர்தரத்தோடு போட்டி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு முதலாம் ஆண்டை விட்டுவிட்ட பிள்ளைக்கு, விழிக்கும்போது அந்தக் கதவு பூட்டியிருக்கும். என்னோடு படித்தவர்களில் இரசாயனவியலை உயிராக நேசித்த இரண்டு பேருக்கு அது நடந்தது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் இரண்டு இடத்தையும் ஒப்பிடும்போது முதல் கேள்வி இதுதான்: சிறப்புக் கற்கைக்கு எதை வைத்துத் தெரிவு செய்கிறார்கள்? போன அணியில் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? எந்தப் பாடச் சேர்க்கை எடுத்தால் அந்த வழி அடைபடும்? பீடத்தின் கைந்நூலில் விதிகள் இருக்கும். எண்ணிக்கையைக் கைந்நூல் சொல்லாது, அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கிற அண்ணாமாரும் அக்காமாரும் சொல்லுவார்கள். நேரே போய்க் கேளுங்கள்.

நாங்கள் போனோம். அப்பா இரண்டு தடவை லீவு போட்டார். முதலில் வவுனியா வழியாக யாழ்ப்பாணம். பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் இறங்கி, வளாகத்துக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோவிலில் கும்பிட்டுவிட்டு, மூதூரைச் சேர்ந்த ஓர் அண்ணாவைத் தேடிப் பிடித்தோம். 1921இல் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த மண் அது. 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தபோது விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில்தான் ஆரம்பித்தது என்று அந்த அண்ணா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்களை ஆய்கூட விறாந்தையில் நிற்க வைத்தார். உள்ளே பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சி எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்த கிழமை கந்தளாய், ஹபரண, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டி பஸ்ஸில். பேராதனையில் மழை. அங்கேயும் ஒரு விறாந்தை, அதே அசற்றிக் அமில மணம். ஆனால் உள்ளே கேட்டது மூன்று மொழி.

இரண்டு இடத்திலும் நான் கேட்ட இரண்டாவது கேள்வி, கருவிகளை யார் தொடுகிறார்கள் என்பது. "எங்களிடம் இன்ன இன்ன நிறமாலைமானி இருக்கிறது" என்று இணையத்தளத்தில் படம் போடாத பல்கலைக்கழகம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. உங்கள் மாதிரியை நீங்களே கருவிக்குள் வைப்பீர்களா, அல்லது கொடுத்துவிட்டுத் தாளை வாங்கி வருவீர்களா? நியமிப்பில் (ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு மற்றதன் செறிவை அளப்பது) ஆளுக்கொரு அளவி (துளி விடும் கண்ணாடிக் குழாய்) கிடைக்குமா, நான்கு பேருக்கு ஒன்றா? நான்கு பேர் நிற்கும் மேசையில் ஒருவர் நியமிப்பார், ஒருவர் வாசிப்பார், ஒருவர் எழுதுவார், நான்காமவர் பார்த்துக்கொண்டு நிற்பார். நாணம் உள்ள பிள்ளை என்றால் அந்த நான்காவது ஆள் நீங்கள்தான். இரசாயனவியல் கையால் படிக்கிற படிப்பு. இதில் மட்டும் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நான் பேராதனையை முதலில் போட்டேன். தரவரிசை பார்த்துப் போடவில்லை. இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, என்னை எனக்குத் தெரியும். தமிழ் கிடைக்கிற இடத்தில் நான் ஆங்கிலம் பேசவே மாட்டேன். விரிவுரையும் பரீட்சையும் இரண்டு இடத்திலும் ஆங்கிலத்தில்தான், ஆனால் வாய் திறக்காமல் நான்கு ஆண்டு ஓட்டிவிடுகிற ஆள் நான். மற்றது, கண்டி ஹந்தானையில் இருக்கும் அடிப்படைக் கற்கைகள் நிறுவனம். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்ற ஆசை அப்போதே இருந்தது. அதோடு விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் பேராதனை வளாகத்திலேயே இருக்கிறது.

அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், புல்மோட்டையிலிருந்து. பத்தாம் வகுப்பில் மாமா ஒரு போத்தல் கருமணல் கொண்டுவந்தார். உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் கிட்டே பிடித்தால் கொஞ்சம் தாவி ஒட்டியது, கொஞ்சம் அசையவே இல்லை. ஒரே மணலில் ஏன் இப்படி என்று ஆசிரியரிடம் கேட்டபோது இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் என்று மூன்று பெயரைக் கரும்பலகையில் எழுதினார். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்ததும் அந்த மணல்தான். இல்மனைற்றைச் செறிந்த சல்பூரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, இரும்பைப் பிரித்து, நீரோடு கொதிக்கவிட்டால் பாலாகக் கலங்கும். அந்த வீழ்படிவை வடித்துச் சூளையில் வைத்து எடுத்தால் வெள்ளை வெளேரென்று ஒரு தூள். அதுதான் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்றுக்கு வெண்மை கொடுப்பது. கறுத்த மணலிலிருந்து வந்த அந்தத் தூளைச் சிறிய போத்தலில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். அவர் அதை இன்னும் சாமியறையில் வைத்திருக்கிறார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது அங்கே யார் என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று பாருங்கள். துறையின் பக்கத்தில் விரிவுரையாளர்களின் பெயருக்குக் கீழே இருக்கும். கனிமமா, நீரா, மூலிகையா, பல்பகுதியமா? உங்களுக்குப் பிடித்ததைச் செய்கிற ஒருவராவது இருக்கிற இடம் நல்ல இடம்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நியமிப்பு, அளவி, குழாயி, தாங்கற் கரைசல், எந்திரப்பி, கருநாடி என்று தமிழில் தேய்த்துப் படித்த பிள்ளைகள் நாங்கள். முதலாம் ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில், எதை எதால் கழுவ வேண்டும் என்று செய்துகாட்டுபவர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குக் "கழுவு" மட்டும்தான் பிடிபட்டது. அளவியை அதில் நிரப்பும் கரைசலால் கழுவினேன், அது சரி. கூம்புக் குடுவையையும் அதில் எடுக்கப் போகும் கரைசலாலேயே கழுவிவிட்டேன். சுவரில் ஒட்டி நின்ற துளிகள், குழாயியால் அளந்த 25 மில்லிலீற்றரோடு சேர்ந்துகொண்டன. பினோத்தலீன் என்ற காட்டி நிறம் மாறவே மாட்டேன் என்றது. பக்கத்து மேசைகளில் எல்லோருக்கும் அளவி வாசிப்பு 24.8ஐ ஒட்டி வந்தபோது எனக்கு 26.4. குடுவையை வடித்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும் என்பது உயர்தரத்திலேயே தமிழில் எனக்கு மனப்பாடம். தெரிந்த விடயத்தில் மொழியால் பிழை விட்ட அந்த நாள் விடுதியில் போர்வைக்குள் அழுதேன். மறுநாளிலிருந்து செய்முறைத் தாளை முதல் நாள் இரவே வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதினேன். ஒரு அரையாண்டில் அந்தக் கொப்பி தேவைப்படாமல் போனது.

பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கையில் இருக்கும் மாதங்களில் இதைச் செய்யுங்கள்: உயர்தரக் குறிப்பையும் ஓர் ஆங்கிலப் பாடநூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அலகு, ஒரு அலகாக வாசியுங்கள். உயிரியல் பிரிவிலிருந்து உயிரியல் விஞ்ஞானத்துக்குப் போய் அங்கே இரசாயனவியல் எடுக்க நினைக்கிறவர்கள், கணிதப் பிரிவு நண்பரிடம் வகையீட்டையும் தொகையீட்டையும் கட்டாயம் கேட்டுப் படியுங்கள். வெப்ப இயக்கவியலும் சக்திச்சொட்டு இரசாயனவியலும் அது இல்லாமல் நகராது. எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இது மாறாது.

என் வகுப்புத் தோழி யாழ்ப்பாணத்தை முதலில் போட்டாள். அவளுடைய அம்மாவுக்கு அப்போது சுகமில்லை, யாழ்ப்பாணத்தில் சித்தி வீடு இருந்தது. புது மொழிச் சூழலில் போராடுகிற பலத்தையும் பாடத்திலேயே போடுவேன் என்றாள். சொன்னபடி போட்டாள். முதல் வகுப்புச் சித்தியோடு வெளியே வந்து, இன்று வெளிநாட்டில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்கிறாள். ஞாயிறு இரவுகளில் நாங்கள் தொலைபேசியில் பரீட்சை வினாக்களை ஒப்பிடுவோம். வினாக்களில் பெரிய வித்தியாசம் ஒருநாளும் இருந்ததில்லை. அவள் நேரம் செலவழித்த இடமும் நான் நேரம் செலவழித்த இடமும்தான் வேறு.

ஆகவே என்னைக் கேட்டால்: ஊருக்கு வந்து படிப்பிக்க விருப்பம், அல்லது வீட்டுக் கஷ்டத்தில் மனம் அடிக்கடி இங்கே ஓடும் என்றால் யாழ்ப்பாணத்தைத் தயங்காமல் முதலில் போடுங்கள். அது இரண்டாந்தரத் தெரிவு என்று சொல்கிறவர்களின் பேச்சை வாங்காதீர்கள். வாய் திறக்கப் பழக வேண்டும், சிங்களமும் பழக வேண்டும், ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் பேராதனை. அங்கே தனிமை வரும். எனக்கு வந்தது. குறிஞ்சிக் குமரன் கோவில் படியில் வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து எழும்பினால்தான் அடுத்த கிழமை ஓடும்.

இன்னும் சில. கிழக்குப் பல்கலைக்கழகம் என்றதும் திருகோணமலையில் இருக்கிற அதன் கோணேசபுரி வளாகத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரசாயனவியல் துறையோடு விஞ்ஞான பீடம் இருப்பது வந்தாறுமூலையில், மட்டக்களப்பு வீதியில். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு அது எங்களுக்குக் கிட்டத்தான். மூன்றாவதாக அதைப் போட மறக்க வேண்டாம். வெட்டுப்புள்ளி எதுவும் எட்டாவிட்டால், ராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனம் நடத்தும் நான்காண்டுக் கற்கை இருக்கிறது. காசு கட்ட வேண்டும், ஆனால் மதிப்புள்ள படிப்பு.

வகுப்பு நடக்கும் வார நாளாகப் பார்த்துப் போங்கள், செய்முறை நடக்கும் நேரத்தில். சனி ஞாயிறில் போனால் கட்டடத்தைத்தான் பார்ப்பீர்கள். அப்பாவை வாசலில் இருத்திவிட்டுப் பிள்ளைகளோடு தனியாகப் பேசுங்கள். பெரியவர் பக்கத்தில் நின்றால் அவர்கள் உண்மை சொல்லக் கூச்சப்படுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போன தங்கச்சி நேற்று மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து அழைத்தாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம். "அக்கா, கேட்டிட்டன். எத்தனை பேர் கேட்டவை, எத்தனை பேருக்குக் கிடைச்சது எல்லாம் கொப்பியில எழுதிக்கொண்டு வாறன். வியாழக்கிழமை பேராதனைக்குப் போறம். படிவம் நிரப்பேக்க நீங்களும் பக்கத்தில இருப்பீங்களோ?"

வெள்ளிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறேன்.