மல்டிஸ்கேல் பேஸில் கிரேடு தேர்வு: வலது கையைக் கவனியுங்கள்

மல்டிஸ்கேல் பேஸ் கிட்டாரில் தந்திக்குத் தந்தி நீளம் மாறும்; அதனால் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்ந்த ஃப்ரெட்டுகளைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் இடது கையைப் பற்றித்தான் கவலை. குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துச் சபைகளில் பாடகர் குழுவோடு வாசிக்கும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பதும் அதுதான்: "அண்ணா, விரல் தடுமாறாதா?" பெரிதாகத் தடுமாறாது. பயப்படுவது கண்தான், விரல் சீக்கிரம் பழகிவிடும். முதல் ஃப்ரெட்டில், எல்லாவற்றிலும் தடித்த பி தந்தியை எட்டிப் பிடிக்கும்போது மட்டும் தோள் சற்று நீள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பாடாய்ப் படுத்துவது வலது கை. லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் ராக் அண்ட் பாப் கிரேடு தேர்வை ஐந்து தந்தி மல்டிஸ்கேல் பேஸில் வாசித்தவன் என்பதால், அந்தக் கையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஐந்தாவது தந்தி நம் ஊரில் ஆடம்பரம் அல்ல. பாடுபவரின் குரலுக்கு ஏற்பக் கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டுக் கவலையில்லாமல் வாசிப்பார். சுருதி டி-க்கோ ஈ ஃபிளாட்டுக்கோ இறங்கினால், ஈ தந்தியோடு முடிந்துவிடும் நான்கு தந்திக்காரருக்குக் கீழே இடமே இருக்காது. ஆனால் வழக்கமான 34 அங்குல நீளத்தில் பி தந்தி பெரும்பாலும் தொளதொளவென்றுதான் கிடக்கும். மெல்லிய தந்திகளை அப்படியே விட்டு, தடித்தவற்றை மட்டும் நீளமாக்குவதுதான் மல்டிஸ்கேல். இந்த அமைப்புக்குக் கிட்டார் தயாரிப்பாளர் ரால்ஃப் நோவக் 1989இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று 34 முதல் 35.5 அங்குலம் வரை உள்ளவையும் கிடைக்கின்றன, டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களைப் போல 37 வரை போகிறவையும் கிடைக்கின்றன.

ஒரே தந்தியை ஒரே சுருதியில் கட்டினால், அதன் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 34 அங்குலம் 35.5 ஆனால் ஏறத்தாழ 9 சதவீதம். 37 ஆனால் 18 சதவீதம். தொளதொளத்த பி-யிலிருந்து சத்தம் வரவழைக்க நாம் விரலை ஆழமாக விட்டு இழுத்துப் பழகியிருப்போம். அந்தப் பலம் இனித் தேவையில்லை. தேவைக்கு மீறிய பலத்தோடு இழுத்தால், சுரம் பிறக்கும் முன்பே தந்தி ஃப்ரெட்டில் மோதும் 'டக்' ஒலிதான் முந்திக்கொண்டு வரும். விரல்நுனியின் சதை மட்டும் தந்தியில் படட்டும். ஆம்பிளிஃபயரின் ஒலியளவைக் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டு மெதுவாக மீட்டிப் பழகுங்கள்; கை தானாக இளகும்.

அடுத்தது இடம். 7ஆவது ஃப்ரெட் நேராக நிற்கும் ஒரு பேஸை எடுத்துக்கொள்வோம். பி-க்கும் எல்லாவற்றிலும் மெல்லிய ஜி-க்கும் நீளத்தில் ஒன்றரை அங்குல வித்தியாசம் என்றால், அதில் அரை அங்குலம்தான் கழுத்தின் நுனியில் தந்தியைத் தாங்கும் நட் பக்கம் சேரும். மீதி ஓர் அங்குலம், உடலில் தந்தியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வந்துவிடும். சாய்வில் மூன்றில் இரண்டு பங்கு வலது கையின் பக்கம்தான் இருக்கிறது, நாமோ இடது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! பழைய வழக்கப்படி தந்திகளுக்குக் குறுக்கே நேர்கோட்டில் மீட்டினால், ஜி தந்தியில் பிரிட்ஜுக்குக் கிட்டத்தில் தொடுகிறோம், பி தந்தியில் ஓர் அங்குலம் தள்ளித் தொடுகிறோம். பிரிட்ஜை நெருங்கினால் ஒலி கூர்மையாகும், விலகினால் உருண்டு பருக்கும். ஏற்கெனவே கனத்த பி இன்னும் கனக்கும், ஜி இன்னும் மெலியும். ஒரே பாட்டை இரண்டு பேர் மாறி மாறி வாசிப்பதுபோலக் கேட்கும்.

இதை என் மாஸ்டர் வாயால் விளக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்றை எடுத்து, பிரிட்ஜின் சாய்வுக்கு இணையாக, தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் மேல் வைத்தார். "உன் விரல்கணுக்கள் இந்தக் கோட்டில் நிற்கட்டும்" என்றார், அளவுகோலை எடுத்துவிட்டார். முழங்கையைச் சற்றே பின்னால் கொண்டுபோனதும் கணுக்கள் அந்தக் கோட்டில் வந்து நின்றன. கிட்டாரின் மேல்விளிம்பைத் தாண்டி இறங்கும் முன்கை இயல்பாகவே அந்தச் சாய்வில்தான் வருகிறது. நேர் பிரிட்ஜுக்காகத்தான் இத்தனை காலம் மணிக்கட்டை மடக்கி வைத்திருந்தோம். மடிப்பு குறைந்ததால் நீண்ட ஆராதனைப் பாடல்களில் வரும் மணிக்கட்டு வலியும் எனக்குக் குறைந்தது.

கட்டைவிரலையும் சொல்ல வேண்டும். பி-யை மீட்டும்போது அது பிக்கப்பின் விளிம்பில் இருக்கும். மேல் தந்திகளுக்குப் போகப் போக பி-யின் மேலும் ஈ-யின் மேலும் நகர்ந்து அவற்றை அடக்கி வைக்கும். ஓர் அங்குலச் சாய்வு நான்கு இடைவெளிகளுக்குப் பிரிந்தால், தந்திக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர். ஒவ்வொரு நகர்விலும் கட்டைவிரல் கழுத்துப் பக்கம் அந்த அளவு முன்னேற வேண்டும். கண்ணால் அளக்க வேண்டாம். பிக்கப்பும் சாய்வாகப் பதிக்கப்பட்டிருந்தால் அதன் விளிம்பே வழிகாட்டும்.

உள்ளங்கையால் அடக்கி வாசிப்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கையை நேராக வைத்தால் பி ஊமையாகிவிடும், ஜி தப்பித்து ஒலிக்கும். கையின் விளிம்பு பிரிட்ஜோடு சேர்ந்து சாய வேண்டும்.

பயிற்சிக்கு நான் செய்தது மிக எளிது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஐந்து திறந்த தந்திகளையும் பி முதல் ஜி வரை வரிசையாக, ஒரே கனத்தில் மீட்டி, கைப்பேசியில் பதிவுசெய்து கேட்பது. முதலில் நேர்க்கையில், பிறகு சாய்ந்த கையில். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பி கேட்கவே கேட்காது, காதொலிப்பான் அவசியம். பேஸின் டோன் குமிழைத் திருகி வித்தியாசத்தை மறைக்காதீர்கள். தேர்வில் அது காப்பாற்றாது.

தேர்வில் மூன்று பாடல்கள்: முதல் இரண்டுக்குத் தலா 25 மதிப்பெண், நுட்பத்தை முன்னிறுத்தும் மூன்றாவதற்கு 30. கேட்டதைத் திருப்பி வாசிப்பது அல்லது உடனடியாகக் கற்பனை செய்து வாசிப்பது என்ற செஷன் ஸ்கில்ஸ் பகுதிக்கு 20. தேர்ச்சிக்கு 60 வேண்டும். பின்னணி இசையோடு வாசிக்கும்போது ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களில் ஒலி சமமாக இருக்கிறதா, தேவையில்லாத தந்தி முனகுகிறதா என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். அதனால் புதிய பேஸை வாங்கிய கையோடு தேர்வுக்குப் பதிவுசெய்யாதீர்கள். கிறிஸ்துமஸ் கேரல் காலம் முழுவதும் அதில் வாசித்துக் கை பழகிய பிறகு போவது நல்லது.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரப்பதம் மாற மாறக் கழுத்து வளையும், தந்தியின் உயரம் மாறும், விரல் இறங்கும் ஆழமும் மாறும். தேர்வுக்கு முந்தைய வாரம் உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றில் தந்தி துருப்பிடிக்கும் வேகத்தை அறிவார்கள். துரு ஏறிய தந்தியில் எந்த மீட்டலும் எடுபடாது. 37 அங்குலப் பேஸுக்கு வழக்கமான கட்டுத் தந்தி எட்டாமல் போகலாம். நீளம் கேட்டு முன்கூட்டியே வரவழைத்து, ஒரு கட்டு மாட்டி, ஒரு கட்டு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.