மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சோடியம்

எங்கள் இரசாயனவியல் ஆசிரியர் ஆவர்த்தன அட்டவணையின் முதலாம் கூட்ட மூலகங்களை (இலிதியம், சோடியம், பொற்றாசியம் முதலியவை) படிப்பித்தபோது யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றிய விளக்கில்தான் உயர்தர வகுப்பில் அத்தனை பேரும் படித்தோம். ஆய்வுகூட அலுமாரியில் இருந்த சோடியத்துக்கும் அதே எண்ணெய்தான் வேண்டியிருந்தது. காற்றும் ஈரமும் பட்டால் அது கெட்டுவிடும். போத்தலில் எண்ணெய் வற்றிக்கொண்டு வந்ததைக் கண்ட மாணவன் ஒருவன், வீட்டு விளக்குக்கு வைத்திருந்ததில் சிறிதளவை மருந்துக் குப்பியில் கொண்டுவந்து நீட்டினான். “அம்மாவிடம் கேட்டுத்தானே கொண்டுவந்தாய், தம்பி?” என்று கேட்டு, அவன் தலையாட்டிய பிறகே ஆசிரியர் அதை வாங்கினார்.

இருந்த சோடியம் கொஞ்சம். ஆகவே செய்முறை ஒரேயொரு முறைதான் என்றும், கண்ணை எடுக்காமல் பார்க்கவேண்டும் என்றும் முன்பே சொல்லிவிட்டார். இடுக்கியால் எடுத்து வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டினார். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. மிளகளவுத் துண்டு ஒன்றை, காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினோத்தலீன் கலந்த நீர்த்தொட்டியில் போட்டார். 98 பாகை செல்சியசிலேயே உருகும் உலோகம் அது. தாக்கத்தின் வெப்பமே அதை உருக்கி உருண்டையாக்கியது. சீறிக்கொண்டு நீர்மேல் ஓடியது. ஓடிய வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு. ஐதரசன் வெளியேற, நீரில் சோடியமைதரொட்சைட்டு என்னும் காரம் உண்டாகிறது என்று அப்போது யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

அடுத்தது இலிதியம். அது எண்ணெயில்கூட மிதந்துகொண்டு கிடந்தது. அடர்த்தி ஏறத்தாழ 0.53தான். நீரில் போட்டால் உருகவில்லை, ஓடவில்லை. ஓரிடத்தில் நின்று அமைதியாகக் குமிழிவிட்டது. பொற்றாசியப் போத்தலை அவர் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார். நெடுங்காலம் கிடந்த துண்டுகளின்மேல் மஞ்சள் படை பிடித்திருந்தது. அது மீயொட்சைட்டு, கத்தி அழுத்தும்போது எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கக்கூடியது. எத்தனையோ பேர் கெஞ்சினோம். அசையவில்லை. ஒரு நல்ல ஆசிரியருக்கு அடையாளமாக நான் இன்றும் கருதுவது அந்த மறுப்பைத்தான்.

கூட்டத்தில் கீழே போகப் போகத் தாக்குதிறன் கூடும் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தோம். நீரில் ஓர் உலோகம் இலத்திரனை இழக்க எவ்வளவு நாடுகிறது என்பதைக் காட்டும் நியம மின்வாயழுத்தங்களை அவர் கரும்பலகையில் எழுதினார்; எதிர்ப்பெறுமானம் கூடக் கூட அந்த நாட்டமும் கூடும்: இலிதியம் −3.04, சோடியம் −2.71, பொற்றாசியம் −2.93 வோல்ற்று. “எழுதியது சரியென்றால் இலிதியம் ஏன் முன்னுக்கு நிற்கிறது? முன்னுக்கு நிற்பது ஏன் இவ்வளவு மெதுவாகத் தாக்குகிறது?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மணி அடித்தும் விடை வரவில்லை. மறுநாள் வகுப்பில் வாதம் செய்தே விடையை எடுத்தோம். இலிதியத்தின் இலத்திரனைப் பறிக்க மூலுக்கு 520 கிலோயூல் வேண்டும். பொற்றாசியத்துக்கு 419 போதும். ஆனால் சின்னஞ்சிறு இலிதியம் அயன் நீர்மூலக்கூறுகளை மிக நெருக்கமாக இழுத்துக்கொள்வதால் வெளிவரும் நீரேற்றச் சக்தி அந்தக் குறையைத் தாண்டிவிடுகிறது. மொத்தக் கணக்கில் இலிதியம் வெல்கிறது. வேகம் என்பது வேறு கணக்கு: இலத்திரனைப் பறிக்கும் தடை அங்கே முன்னுக்கு வருகிறது. இலிதியம் உருக 180 பாகை வேண்டும் என்பதால், உருகிய சோடியத்தைப் போல் அது புதிய மேற்பரப்பை நீருக்குக் காட்டுவதுமில்லை. சக்தியையும் வேகத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு அந்த இரண்டு நாட்களில் வந்தது.

பின்னர் இலண்டனில் படித்தபோது பொற்றாசியத்தின் ஊதாச் சுவாலையை முதன்முதலாகக் கண்டேன். தெருக்களில் அப்போதெல்லாம் சோடிய விளக்கின் மஞ்சள். அல்பமாள் தெருவிலுள்ள ராயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அறிவியல் நிறுவனத்துக்குப் போனேன். 1807இல் ஆங்கில இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவி, சற்று ஈரமான பொற்றாசில் (பொற்றாசியமைதரொட்சைட்டில்) மின்னோட்டம் செலுத்திப் பொற்றாசியத்தையும், சில நாட்களுக்குள் சோடியத்தையும் பிரித்தெடுத்தது அங்கேதான். 

ஆசிரியரின் இன்னொரு கேள்விக்கு 2015இல்தான் நல்ல விடை வந்தது. நீராவியும் ஐதரசனும் உலோகத்தைச் சூழ்ந்து நீரைத் தள்ளிவைக்க வேண்டும். அப்படியிருக்க இந்த உலோகங்கள் நீரில் வெடிப்பது எப்படி? பிராக் நகரில் பாவெல் யுங்வியத்தும் குழுவினரும் சோடியம்–பொற்றாசியக் கலப்புலோகத் துளியை அதிவேகக் கமராவால் படமெடுத்தார்கள். நீரைத் தொட்டு ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைந்த நேரத்தில் துளியிலிருந்து முட்கள் பாய்ந்தன. இலத்திரன்கள் நீருக்குள் ஓடிவிட, எஞ்சிய நேரேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளி உலோகத்தையே சிதறடிக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். படித்ததும் அந்தக் கட்டுரையை ஆசிரியருக்கு அனுப்பிவைத்தேன்.

இவ்வாண்டு எங்கள் பழைய மாணவர் சங்கம் பள்ளி ஆய்வுகூடத்துக்குப் பணம் சேர்க்கிறது என்று அறிகிறேன். கணினித் திரைகளோடு, ஒளியை நிறக்கோடுகளாகப் பிரித்துக் காட்டும் கைந்நிறமாலைகாட்டிகள் சிலவும் வாங்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். விலை அதிகமில்லை. 1860இல் ஜேர்மன் அறிவியலாளர்களான பன்சனும் கேர்க்கோவும் டுர்க்கைம் என்னும் ஜேர்மன் ஊரின் ஊற்றுநீரிலிருந்து, இதே கூட்டத்தைச் சேர்ந்த சீசியத்தைக் கண்டுபிடித்தது நிறமாலையில் தெரிந்த இரண்டு நீலக் கோடுகளால்தான். உலோகத்தைத் தொடாமலே பிள்ளைகள் சோடியத்தின் மஞ்சள் கோட்டையும் இலிதியத்தின் சிவப்புக் கோட்டையும் தாங்களே பார்க்கலாம். இலிதியம் குளோரைட்டு ஒரு போத்தல் வாங்கவேண்டியிருக்கும். கறியுப்பும் மதுசார விளக்கும் பள்ளியிலேயே உள்ளன.