மட்டக்களப்பில் ஒரு றக்பி கழகம்: முதல் இரண்டு வருடங்கள்

முழு அணிக்கு வேண்டிய 15 பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். செவன்ஸ் என்ற எழுவர் றக்பியில் தொடங்குங்கள்: களத்தில் 7 பேர், மாற்றுக்கு 5 பேர், பாதிக்கு 7 நிமிடம். கபடி விளையாடும் பொடியன்மாரை முதலில் கூப்பிடுங்கள். தாழ்ந்து பிடிப்பது அவர்களுக்குக் கைவந்தது. தலையை எங்கே வைப்பது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லித்தாருங்கள்: ஓடுபவரின் பின்பக்கமாக, ஒருபோதும் முழங்காலுக்கு முன்னால் இல்லை. கழுத்துக் காயம் அப்படித்தான் வருகிறது.

ஸ்கிரம் என்பது இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது. செவன்ஸ் ஸ்கிரம்மில் பக்கத்துக்கு 3 பேர்தான். 8 பேர் தள்ளும் ஸ்கிரம்மை இரண்டாம் வருடத்துக்கு விடுங்கள்; கழுத்தும் முதுகும் பலப்படாமல் ஒருவரை முன்வரிசையில் நிறுத்துவது அநியாயம்.

கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் மைதானம் கல்லாய் இறுகிவிடும். விழுந்து பழகுவதைக் கல்லடிக் கடற்கரை மணலில் வையுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. மாரியில் தண்ணீர் நிற்கும். அப்போது றக்பிச் சட்ட வகுப்பு.

காசு சேர்ந்ததும் ஜேர்சி அடிக்க ஆசை வரும். முதலில் 5ஆம் இலக்கப் பந்துகளும் ஆளுக்கொரு பல் காப்பும் வாங்குங்கள். உதைபந்தாட்டக் கம்பம் சரிவராது: றக்பிக்கு இடைவெளி 5.6 மீற்றர், குறுக்குக் கம்பம் 3 மீற்றர் உயரம். கம்பத்தின் அடியில் மெத்தை கட்டாமல் விளையாட விடாதீர்கள்.

தலையில் அடிபட்டு மயங்கியவரோ தடுமாறியவரோ அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது, இறுதிப் போட்டியாக இருந்தாலும்.