பிள்ளைகளே ஆசிரியராகும் பாட்டு வகுப்பு

இடமாற்றத்துக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 1963இல் தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில், காலைக் கூட்டத்தின்போது உறுதிமொழி, செய்தி வாசிப்பு ஆகியவற்றோடு சேர்ந்திசைப் பாடல் ஒன்றும் பாடப்படும். தமிழ்நாட்டில் அத்தகைய பள்ளி ஒன்றில் இசையாசிரியையாக இருக்கிறேன். வங்காளம், ஒடியா, மலையாளம், தமிழ் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தாலும், இடைவேளையில் அவரவர் மொழிக்காரரோடுதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள்.

புதிய பாடலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் வங்காளத்தின் நான்கு ககர ஒலிகளும் ஒரே 'க' ஆகிவிடுகின்றன. பிறகு நோட்டைப் பார்த்துப் பாடுவார்களே தவிர, பக்கத்தில் நிற்பவரைக் கேட்கமாட்டார்கள். ஆகவே நோட்டை மூடச் சொல்லிவிட்டு, அந்த மொழியை வீட்டில் பேசும் பிள்ளையை முன்னால் நிறுத்துவேன்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் வங்காளப் பாடலொன்றைச் சொல்லிக்கொடுத்த மாணவி, பிழை கேட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். எது பிழை என்று விளங்காத மற்றவர்கள் அதே வரியை இன்னும் உரக்கப் பாடினார்கள். சில வகுப்புகள் கழிந்தபின் அவளே ஒரு வழி கண்டாள்: அவர்கள் பாடிய விதத்தையும் தன் வீட்டில் பாடும் விதத்தையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டினாள். எதிரே இருந்தவர்களும் சிரிப்பதை விட்டு, எந்த இடத்தில் மாறுகிறது, மறுபடி பாடு என்று அரைகுறை இந்தியில் கேட்கத் தொடங்கினார்கள். மனம் நோகாமல் திருத்துவதும், திருத்தத்தைக் கூச்சமின்றி ஏற்பதும் உரையாடல் பயிற்சித் தாள்களால் வாய்த்து நான் பார்த்ததில்லை.

இந்த நாட்டம் எனக்கு எம்.பி.சீனிவாசனின் பணியை அறிந்ததால் வந்தது. திரையிசையமைப்பாளராகப் பெயர்பெற்ற அவர், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கிப் பல மொழிப் பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்தளித்தவர். கர்நாடக இசை பயின்ற என்னைப் போன்றோருக்குத் தனிக்குரலே பழக்கம். ஆனால் இரண்டு அணிகள் வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் பாடும்போது, எதிரணியைக் கேட்காதவர் தாளத்தைத் தவறவிட்டே தீருவார்.

மாநிலங்களை இணை சேர்த்து ஒன்றின் மொழியையும் பண்பாட்டையும் மற்றொன்று அறியச் செய்யும் மத்திய அரசின் 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இணையாக ஜம்மு காஷ்மீர் அமைந்ததால் காஷ்மீரிப் பாடல்களும் வகுப்புக்கு வந்தன. காஷ்மீரி பேசும் பிள்ளை எங்களிடம் இல்லாததால் யூடியூபைப் பார்த்தே பழகினோம். மேடையும் உடையலங்காரமும் நன்றாகவே அமைந்தன. ஆனால் திருத்துவதற்கும் கேட்பதற்கும் எதிரே ஆள் இல்லாத பயிற்சி அது.

தமிழ்த் தாலாட்டின் முறை வந்தபோது, எங்கள் உள்ளூர்ப் பிள்ளைகள் மெட்டைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பாட்டில் மாமனுக்கு ஏன் அவ்வளவு சீர் சொல்லப்படுகிறது என்று ஒடியா மாணவன் கேட்டதற்கு மட்டும் அவர்களிடம் விடையில்லை. எனவே இந்த ஆண்டு, பாட்டைக் கொண்டுவருவோர் அது எப்போது, யாரால் பாடப்படுகிறது என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரும்படி சொல்லியிருக்கிறேன்.