விம்மைத் திறந்ததும் வரும் வரி

6 ஆகஸ்ட் 2023, ஞாயிறு

பிராம் மோலெனார் 3ஆம் தேதி இறந்துவிட்டார். வயது 62. குடும்பத்தார் நேற்று அறிவித்திருக்கிறார்கள், நான் இன்று காலைதான் பார்த்தேன். அந்த நெதர்லாந்துக்காரரை நான் நேரில் பார்த்ததில்லை, ஒரு மின்னஞ்சல்கூட எழுதியதில்லை. ஆனால் 14 வருஷமாக என் வேலை முழுக்க அவர் எழுதிய விம் என்ற எடிட்டரில்தான், அதாவது கணினியில் உரையும் நிரலும் எழுதும் மென்பொருளில். இன்று கை எதிலும் ஓடவில்லை.

8 ஆகஸ்ட்

கோப்பு எதையும் சொல்லாமல் விம்மைத் திறந்தால் நடுத்திரையில் ஒரு வரி வரும்: உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள். ஆரம்பத்தில் ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். அப்புறம்தான் உதவிப் பக்கத்தைப் படித்தேன். 1994இல் பிராம் உகாண்டாவின் கிபாலேயில் ஒரு குழந்தைகள் மையத்தில் குடிநீர், சுகாதார வேலைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் இருந்திருக்கிறார். எய்ட்ஸ் பல பெற்றோர்களைக் கொண்டுபோன பகுதி அது. ஊர் திரும்பியதும் அந்தக் குழந்தைகளுக்காகவே ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அமைப்பைத் தொடங்கினார்.

விம்மை யாரும் எடுக்கலாம், எத்தனை பேருக்கும் நகல் கொடுக்கலாம். பயன்பட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்று உரிமம் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். கட்டாயமில்லை. கட்டாயமில்லாததால்தான் எனக்குக் கொடுக்கத் தோன்றியது.

13 ஆகஸ்ட், ஞாயிறு

தங்கை மகன் வந்திருந்தான். "இன்டர்நெட் இல்லாத காலத்துல இதை எப்படி மாமா எல்லாருக்கும் கொடுத்தாங்க?" என்றான். நல்ல கேள்வி.

பிராம் வைத்திருந்தது அமிகா கணினி. யூனிக்ஸ் இயங்குதளத்தில் பழகிய விஐ எடிட்டர் அதில் இல்லை. அடாரி கணினிக்காக ஒருவர் எழுதிய ஸ்டீவி என்ற விஐ நகலை எடுத்து, 1988இல் தன் தேவைக்குத் திருத்த ஆரம்பித்தார். 1991 நவம்பரில்தான் வெளியே விட்டார், அதுவும் ஃப்ளாப்பியில். ஃபிரெட் ஃபிஷ் என்ற அமெரிக்கர் அமிகாவுக்கான இலவச மென்பொருள்களைத் திரட்டி, வரிசை எண் போட்ட ஃப்ளாப்பிகளாக வெளியிட்டு வந்தார். அதில் 591ஆம் ஃப்ளாப்பியில் விம் 1.14 போனது. ஒரு ஃப்ளாப்பியில் கொள்வது 880 கிலோபைட். கிடைத்தவர் நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்போது விம் என்ற பெயருக்கு 'விஐயின் நகல்' (Vi IMitation) என்றுதான் பொருள். 1992இல் யூனிக்ஸுக்கு வந்த பிறகு அதே எழுத்துகளை 'மேம்பட்ட விஐ' (Vi IMproved) என்று விரித்துக்கொண்டார்கள். பையன் ஃப்ளாப்பியையே பார்த்ததில்லை, அதைக் காட்டத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

20 ஆகஸ்ட்

நெடுநாள் தள்ளிப்போட்ட வேலை. விம்மில் எஸ்கேப் அடித்தால் எழுதுவது நின்று, எழுத்து விசைகள் கட்டளைகளாகிவிடும். கணினியில் தமிழ்99 விசைப்பலகையை வைத்து எழுதும்போது, எஸ்கேப் அடித்துவிட்டு கீழே போக ஜே தட்டினால் விம்முக்கு 'ப' போகிறது. அது கட்டளை இல்லை, கர்சர் அசையாது. இதற்கு விம்முக்குள்ளேயே கீமேப் வசதி இருக்கிறது: எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு வந்தால் ஆங்கில விசைதான். கீமேப் என்பது சாதாரண உரைக்கோப்புதான், வரிக்கு ஒரு விசைச் சேர்க்கை. கூட்டெழுத்துகளை ஒவ்வொன்றாக எழுத இரண்டு ராத்திரி ஆயிற்று.

3 செப்டம்பர்

கீமேப் சரியாக வேலை செய்கிறது. இந்தப் பதிவு அதில் எழுதியது.

3 ஜனவரி 2024

நேற்று விம் 9.1 வந்துவிட்டது. பிராமுக்கு அடுத்து கிறிஸ்டியான் பிராபான்ட் விம்மின் பொறுப்பை ஏற்ற பின் வரும் முதல் பெரிய வெளியீடு, பிராமுக்கே காணிக்கை. ஒருவரே முப்பது வருஷம் சுமந்தது நின்றுவிடுமோ என்று பயந்திருந்தேன். மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்தேன். திறந்தேன், உகாண்டா வரி அப்படியே இருக்கிறது. என் கீமேப்பும் சிக்கலில்லாமல் ஏறியது.

இரண்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்குப் போகும்போது பையனிடம் கொடுக்க வேண்டும்.